இடது பக்கம் வரும் ஆட்டோக்கள்

என் கணவர் தேவசி, திருச்சூர்–கொடுங்ஙல்லூர் தடத்தில் முப்பத்து மூன்று வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் அதே தடத்தில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார், எங்கள் சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்து.

அந்தக் கம்ப்யூட்டர், மகள் ஜின்சி இன்ஜினியரிங் சேர்ந்த வருஷம் வாங்கியது. அவள் படித்து முடித்து, கல்யாணம் பண்ணிக்கொண்டு, அயர்லாந்தில் வீடும் வாங்கிவிட்டாள். கம்ப்யூட்டர் எங்களோடு தங்கிவிட்டது. போன வருஷம் மருமகன் லீவுக்கு வந்தபோது ஒரு ஸ்டியரிங்கும் மூன்று பெடல்களும் கொண்டுவந்து, ஸ்டியரிங்கை மேசையில் திருகி மாட்டி, பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் போட்டுக்கொடுத்தார். பெடல் வழுக்காமல் இருக்க அடியில் சாக்கு விரித்திருக்கிறோம். சாப்பாடு சமையலறையில் நின்றுகொண்டு.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு தேவசி காக்கிச் சட்டையைப் போட்டுக்கொள்வார். செருப்பைக் கழற்றுவார். ஸ்டியரிங்கைத் தொட்டு சிலுவை போடுவார். பிறகு மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வண்டியை எடுப்பார். ஏழு மணிக்கு வீட்டில் ஜெபமாலை. அதற்குள் கொடுங்ஙல்லூர் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது என் சட்டம்.

அவர் தனியாக ஓட்டவில்லை. ஷார்ஜா, தோஹா, தம்மாம் என்று சிதறிக் கிடக்கும் எட்டுப் பேர் அவரவர் அறையிலிருந்து அவரவர் பஸ்ஸோடு வருவார்கள். ஊர் நினைப்பில் அந்தத் தடம் முழுவதையும் விளையாட்டுக்குள் கட்டியெழுப்பியவர்கள் அவர்கள்தான். சக்தன் ஸ்டாண்ட், சேர்ப்பு, ஊரகம் வளைவு, கருவன்னூர் பாலம், மாப்ராணம் எல்லாம் உண்டு. நிஜத்தில் தார் போட்டு மூடிவிட்ட குழிகளைக்கூட அவர்கள் விட்டுவைத்திருந்தார்கள். தலைவன் ரின்ஷாத் என்பவன். ஷார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறான், நாற்பது வயது இருக்கும். அந்த எட்டுப் பேரில் ஒருவன்கூட நிஜ பஸ்ஸைத் தொட்டதில்லை. அதனால் என் கணவர்தான் முதல் வண்டி. யாரும் அவரை முந்தக் கூடாது என்று அவர்களே பேசி வைத்திருந்தார்கள். வாரத்தில் இரண்டு மணி நேரம் அவர் மறுபடி டிரைவர். மற்ற நாளெல்லாம் அவர் வீட்டில் இருக்கும் ஒரு ஆள்.

அவர் பஸ்ஸை விட்டது விருப்பப்பட்டு அல்ல. லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் சான்றிதழ் கேட்டார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் அழுத்தம் இருக்கிறது, இடது பக்கப் பார்வை அரித்துக்கொண்டே போகிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் காலையும் மாலையும் சொட்டு மருந்து விட வேண்டும், விடாவிட்டால் மொத்தமும் போகும் என்று சொன்னார். பஸ் கூடாது என்றும் சொன்னார். ஊரில் தேவசி சொன்ன காரணம் வேறு: முதலாளி தானாகச் சாத்தும் கதவு வைத்த வண்டி வாங்கிவிட்டாராம், அதில் ஓட்ட இவருக்குப் பிடிக்கவில்லையாம். என்னிடம் சொன்ன காரணம் இன்னொன்று.

"கண்ணாஸ்பத்திரில ஒரு சட்டி மாதிரி மெஷினுக்குள்ள தலைய விடச் சொன்னாங்கடி. உள்ள புள்ளி புள்ளியா வெளிச்சம் வரும், வந்தா பட்டன அமுக்கணும். அந்தப் பட்டன் ஒட்டிக்கிச்சு. மெஷின் கோளாறுக்கு என் கண்ண குத்தம் சொல்றாங்க."

நல்ல கண்ணில் மருந்து விட்டால் கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. பதினான்கு மாசம் நான் மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு கெஞ்சினேன், திட்டினேன், ஒரு வாரம் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். ஒரு சொட்டு விடச் சம்மதிக்கவில்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ஊரகம் வளைவில் அவர் ஒரு ஆட்டோவை இடித்தார்.

ஸ்பீக்கரில் ரின்ஷாத் குரல் வந்தது. "என்னாச்சு தேவசி சேட்டா?"

"ஆட்டோடா. ஆகாசத்துலேர்ந்து குதிச்ச மாதிரி வந்தான்."

"அவன் பெட்டிக்கடை முன்னாடி நின்னுட்டுதானே இருந்தான். நாங்க பின்னாலேர்ந்து பார்த்தமே."

"உங்க கம்ப்யூட்டர்ல நின்னிருப்பான். என்னோடதுல இப்பத்தான் வந்தான்."

ரின்ஷாத் யோசித்தான். "பழைய மெஷின்னா அப்படி வரும் சேட்டா. படம் வரைய லேட்டாகும். கிராபிக்ஸ் கார்டு மாத்திப் பாருங்க."

தேவசி என்னைத் திரும்பிப் பார்த்தார். கோர்ட்டில் விடுதலையான முகம்.

அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. மாற்றலாமா, வேண்டாமா? புதிதே வாங்கிவிடலாமா? பதிமூன்று வயதுக் கம்ப்யூட்டர், அதற்கு மேல் செலவு செய்வது புத்திசாலித்தனமா? நானும் முதல் மாசம் அவர் சொன்னதை நம்பினேன். ஏனென்றால் திரையில் தூரத்து மரங்கள் நிஜமாகவே திடீர் திடீரென்று முளைத்தன. அந்தப் பெட்டி மேல் எனக்கும் கோபம் வந்தது.

ஆனால் பஸ்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்கு என்ன கோளாறு வந்தாலும் முதலில் பாடி, அப்புறம்தான் எஞ்சின். வருஷா வருஷம் ஆர்.டி.ஓ. பரிசோதனைக்கு முன்னால் பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பேர் எழுதி நிறுத்திவிட்டால் பாதி நோய் தீர்ந்தது என்று நம்புகிற கூட்டம் அது. தேவசி கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு கோணத்துக்குன்றில் இருக்கும் வறீதின் பஸ் பாடி ஷெட்டுக்குப் போனார்.

"சும்மா பார்த்துட்டு வரேன்" என்றார். மூன்று நாள் கழித்துத்தான் பெட்டி திரும்பி வந்தது.

வறீதே ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். பெட்டி முழுக்க மெரூன் நிறம், இடுப்பில் மஞ்சள் பட்டை, பக்கத்துக்கு ஒரு ரோஜா. நெற்றியில் தேவசி கடைசியாக ஓட்டிய பஸ்ஸின் பேர்: வியாகுலமாதா. பின்பக்கம் 'ஹார்ன் அடிக்கவும்'. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'வறீது ஆர்ட்ஸ்'.

"ரெண்டு பக்கமும் துருப்பிடிச்சு ஓட்ட ஓட்டயா இருந்துச்சு சேச்சி" என்றார் வறீது. "பட்டி வச்சு எல்லாத்தையும் அடைச்சிட்டேன். இனி பெருமழ பெய்ஞ்சாலும் உள்ள ஒரு சொட்டு போகாது."

"வீட்டுக்குள்ள எதுக்கு வறீதேட்டா மழ பெய்யப் போகுது?"

"பெய்ஞ்சாலும்னுதானே சொன்னேன்."

அந்தச் சனிக்கிழமை வண்டி பதினோரு நிமிஷம் ஓடியது. கூர்க்கஞ்சேரி தாண்டும்போது பெட்டியிலிருந்து ஒரு வாசனை வந்தது, பிறகு திரை அணைந்தது. தொட்டுப் பார்த்தேன், தோசை வார்க்கலாம். தேவசி கையைக் கட்டிக்கொண்டு சந்தோஷமாக உட்கார்ந்திருந்தார்.

"பார்த்தியா வெரோணி? மெஷின்தான்."

இரிஞ்ஞாலக்குடையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷைஜுவை வீட்டுக்கே வரச் சொன்னேன். நிதானமான மனிதர், தலையில் முக்கால் நரை. அவர் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ரோஜாவைத் தடவிப் பார்த்தார்.

"இத யாரு பண்ணது?"

"பஸ் பாடிக்காரர்."

"ம்ம். ஃபினிஷிங் நல்லாருக்கு."

அப்புறம் டிரில்லை எடுத்து, வறீது அடைத்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. உள்ளே இருந்த தூசியைப் பின்வாசலுக்குக் கொண்டுபோய் ஊதினார். கறிவேப்பிலைச் செடி கண்ணுக்குத் தெரியவில்லை. தேவசி அவருக்கு இளநீர் பறிக்கத் தோட்டத்துக்குப் போன நேரத்தில், ஷைஜு தானே உட்கார்ந்து ஸ்டாண்டிலிருந்து ஊரகம் வரைக்கும் பஸ்ஸை ஓட்டிப் பார்த்தார். எதையும் இடிக்கவில்லை.

"இந்த விளையாட்டுக்கு இது போதுமே சேச்சி. எதுக்கு மாத்தணும்?"

"ஆட்டோ லேட்டா வருதாமே. அவர் பார்க்கறதுக்குள்ள இடிச்சிடுது."

"தூரத்துல இருக்கற மரம், கட்டடம் எல்லாம் கொஞ்சம் தாமசிச்சு வரும். பக்கத்துல நிக்கற ஆட்டோ அப்படி வராது. அப்படியே வந்தாலும் ரெண்டு பக்கமும்தான் வரும். மெஷினுக்கு எடது வலது தெரியாது."

டாக்டர் சொன்னதும் இடது பக்கம்தான். நான் அங்கன்வாடி டீச்சர். குழந்தைகளை நிறுத்தி எடை பார்த்துக் கோடு போட்டுக் கோடு போட்டுப் பழகிய கை. அந்த வாரம் தினமும் சாயங்காலம் தேவசி சனிக்கிழமைக்காகத் தனியாகப் பயிற்சிக்கு உட்கார்ந்தபோது, பக்கத்தில் சின்ன வெங்காயம் உரிக்கிற சாக்கில் நானும் உட்கார்ந்தேன். காலண்டர் தாளின் முதுகில் இரண்டு கட்டம் போட்டேன். எதையாவது இடிக்கும்போதெல்லாம் ஒரு கோடு.

நாலு நாளில் வலது பக்கம் இரண்டு. அதில் ஒன்று, நான் தும்மியபோது. இடது பக்கம் முப்பத்தொன்று.

எனக்குப் பயம் வந்தது. கோபம் வந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரியும், பயந்து பழக்கமில்லை. மெதுவாகப் பேச்சை எடுத்தேன்.

"என் மனுஷா, எல்லாம் எடது பக்கமே வருதே, கவனிச்சீங்களா?"

"நம்ம நாட்டுல ஆட்டோ எடது பக்கம்தாண்டி நிக்கும். வலது பக்கம் நின்னா போலீஸ் புடிக்கும்."

முப்பத்து மூன்று வருஷம் ரோட்டில் வாயாடியவரை ரோட்டு விஷயத்தில் யாராலும் ஜெயிக்க முடியாது.

"ஒரு வாரம் மருந்து விட்டுத்தான் பார்ப்போமே."

"கம்ப்யூட்டர் லேட்டாச்சுன்னா அதுக்கு என் கண்ணுல எதுக்குடி ஊத்தணும்? கம்ப்யூட்டர்ல ஊத்து."

மறுநாள் அங்கன்வாடி முடிந்ததும் ஷைஜுவின் கடைக்குப் போனேன். கிராபிக்ஸ் கார்டு வேண்டும் என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். "நான் வியாபாரி. வாங்காதீங்கன்னு சொல்றது எனக்கு நஷ்டம். ஆனா சொல்லிடறேன். கார்டு போட்டா படம் பளிச்சுன்னு வரும். சேட்டனுக்கு எடது பக்கம் மட்டும்…"

"வராது. தெரியும்."

"அப்புறம் எதுக்கு வாங்கறீங்க?"

"அதுக்குத்தான் வாங்கறேன்" என்றேன். "அவருக்குக் குத்தம் சொல்ல ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது. கார்டு மட்டும் இல்ல, உள்ள என்னென்ன பழசோ எல்லாத்தையும் மாத்துங்க. மானிட்டரும் பெருசா ஒண்ணு. கேபிளும் புதுசு."

"கேபிள் நல்லாத்தான் இருக்கு."

"போடுங்க. எனக்கு அவரத் தெரியும்."

ஷைஜு எழுதிக்கொண்டார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "பெட்டி?" என்றார்.

"அது இருக்கட்டும். போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சது."

ஜின்சி எனக்கு வளையல் வாங்க அனுப்பிய பணம் அதில் போயிற்று. அதற்கு நான் வருத்தப்படவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு அழுதேன். ஒரு மனிதர் ஒளிந்துகொண்டிருந்த கடைசி இடத்தையும் நான் இடிக்கப் போகிறேன், அதுவும் பரிசு கொடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே. ஆனால் இப்படியே விட்டுவிட்டால் இன்னும் இரண்டு மூன்று வருஷத்தில் என் முகமே அவருக்குத் தெரியாது. கண்டக்டர், பாக்கிச் சில்லறைக்காக அழுகிறேன் என்று நினைத்து என்னிடம் ஐந்து ரூபாய் கொடுத்துவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மத்தியானம் ஷைஜு எல்லாவற்றையும் மாட்டிவிட்டுப் போனார். தேவசி நாலரைக்கே காக்கியைப் போட்டுக்கொண்டார். திரை எரிந்ததும் வாயைப் பிளந்தார்.

"அம்மேயோ! ஸ்டாண்டுல கொய்யாப்பழம் விக்கறவன் மீச தெரியுதுடி!"

"தெரியுதா?"

"நீ வாங்கிக் குடுப்பேன்னு நான் நெனைக்கவே இல்ல வெரோணி." என் கையைப் பிடித்தார். அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்று இருந்தது எனக்கு.

ஐந்து மணிக்கு ஒன்பது பஸ்களும் கிளம்பின. முன்னால் வியாகுலமாதா. கூர்க்கஞ்சேரியில் ஒரு நடுக்கம் இல்லை. சேர்ப்பில் சரியான நேரம். தேவசி பாட்டு முணுமுணுக்க ஆரம்பித்தார். பின்னாலிருந்து ரின்ஷாத், "சேட்டா, இன்னைக்கு வண்டி பறக்குதே" என்றான். "எஞ்சின் மாத்திட்டம்டா" என்றார் இவர். நான் நாற்காலியை இழுத்து அவருக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

ஊரகம் வளைவு வந்தது. பெட்டிக்கடை முன்னால், இடது பக்கம், ஒரு ஆட்டோ நின்றது. புதுத் திரையில் அது எலுமிச்சம்பழம் மாதிரி பளிச்சென்று தெரிந்தது. நான் அதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். 'இடது பக்கம்' என்று கத்த வாய் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். மனசுக்குள், மாதாவே, பார்க்கட்டும், பார்த்துவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எல்லாம் நானே திட்டம் போட்டது, ஆனாலும் கடைசியில் அப்படித்தான் வேண்டினேன்.

அவர் இடித்தார்.

பிரேக் போட்டார். பின்னால் எட்டு பஸ்களும் நின்றன. தேவசி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து கேபிளைப் பார்த்தார், அது புதுசு. நிமிர்ந்தார். கழுத்தை மெதுவாக இடது பக்கம் திருப்பினார், ஆட்டோவைப் பார்த்தார். கழுத்தை நேராக்கினார். மறுபடி திருப்பினார், மறுபடி நேராக்கினார். மூன்று முறை அப்படிச் செய்தார்.

"அவன் எப்ப வந்தான்?" என்று கேட்டார்.

"வரல. அங்கயேதான் நின்னுட்டிருந்தான்."

"நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"ஏண்டி சொல்லல?"

"சொல்லியிருந்தா, மிச்சம் இருக்கற ஸ்பீக்கரயும் மாத்தச் சொல்லியிருப்பீங்க."

அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"கடைசி வருஷம் மாப்ராணத்துல ஒரு ஸ்கூட்டர்க்காரன் விழுந்தான்ல. கை ஒடிஞ்சதே."

"ஆமா."

"குடிச்சிட்டு வந்து உள்ள விட்டான்னு நான் போலீஸ் ஸ்டேஷன்ல சொன்னேன்ல."

"சொன்னீங்க."

"அவன் குடிக்கலடி."

அந்தப் பையன் குடித்தவன் என்று இரண்டு வருஷமாக நானும் பக்கத்து வீடுகளில் சொல்லியிருக்கிறேன்.

தேவசி மைக்கை வாய்க்குக் கிட்டே இழுத்தார். "ரின்ஷாதே."

"சொல்லுங்க சேட்டா."

"நீ முன்னால போ."

"எதுக்கு சேட்டா? மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

"மெஷின் நல்லாருக்கு. எனக்கு எடது பக்கம் கண்ணு தெரியல."

எட்டு அறைகளிலும் மின்விசிறி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. யாராவது ஏதாவது ஆறுதல் சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். தாங்கமாட்டார்.

"சரி சேட்டா" என்றான் ரின்ஷாத். "நான் முன்னால போறேன். கடைசி வண்டியா வாங்க. டைம் போகுது."

ஒவ்வொரு பஸ்ஸாக அவரைத் தாண்டிப் போயிற்று. ஒவ்வொன்றும் தாண்டும்போது ஒரு ஹார்ன் அடித்தது. எட்டாவது போனதும் தேவசி வண்டியை எடுத்தார். கருவன்னூர் பாலத்தில் முப்பதுக்கு மேல் போகவில்லை. வளைவு வந்தால் கழுத்தை முழுசாக இடது பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். கொடுங்ஙல்லூர் சேர்ந்தபோது பத்தொன்பது நிமிஷம் தாமதம். அவர் வாழ்க்கையில் அவ்வளவு தாமதம் அதுவரை இல்லை. ஜெபமாலையும் ஏழேகாலுக்குத்தான் ஆரம்பித்தது. என் சட்டத்தை நானே தள்ளிவைத்தேன்.

ஜெபம் முடிந்ததும் அவர் எழுந்திருக்கவில்லை. காக்கிச் சட்டையோடு நாற்காலியில் சாய்ந்து, தலையைப் பின்னால் போட்டு, கண் இரண்டையும் அகலத் திறந்து வைத்துக்கொண்டார். நான் புரியாமல் நின்றேன்.

"என்னடி பார்க்கற? ஊத்து."

அங்கன்வாடியில் எத்தனையோ குழந்தைகளுக்கு, திமிறுகிற குழந்தைகளுக்குக்கூட, சிந்தாமல் போலியோ சொட்டு விட்டவள் நான். அன்று முதல் சொட்டு அவர் மூக்கில் விழுந்தது.

கண்ணை மூடாமலே சொன்னார்: "மூக்கு நல்லாத்தாண்டி இருக்கு. கண்ணு அதுக்கு மேல."